மேல்நீர் மீன்களின் முகச்சாயல்

மழைக்காலம் முடிந்து வாய்க்கால்கள் தெளியும் தை மாதத்தில், நம் கிழக்குக் கடற்கரை மாவட்டங்களின் வயல்வெளிப் பக்கம் போய், நிழல் தண்ணீரில் விழாதபடி கரையில் குந்திச் சற்று நேரம் அசையாமல் இருந்தால் போதும். நீர்ப்பரப்புக்கு ஒரு விரற்கடை கீழே சின்னஞ்சிறு மீன்கள் கூட்டமாக நிற்பது தெரியவரும். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. மேலிருந்து பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஒரே வார்ப்பு: தட்டையான தலை, வானத்தைப் பார்த்துத் திறக்கும் வாய், உடம்புக்கு மிஞ்சிய பெரிய கண், வாலை ஒட்டிப் பின்தள்ளி முளைத்த முதுகுத்துடுப்பு. கேட்டால் ஊரில் எல்லோரும் சொல்லும் பெயரும் ஒன்றுதான், 'மீன்குஞ்சு'. அவை குஞ்சுகள் அல்ல. அவ்வளவுதான் வளரும் முழுமீன்கள்.

கொசுவலைத் துணியில் நாலைந்தை அள்ளி ஒரு கண்ணாடி டம்ளரில் விட்டுப் பக்கவாட்டில் பார்க்கும்போதுதான் அந்த ஒரே வார்ப்பு பிரியத் தொடங்கும். ஒன்றின் உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு வைத்ததுபோல ஒரு புள்ளி மின்னும். அது அப்லோகைலஸ். கேரளத்தில் மானத்துக்கண்ணி என்பது இதன் இனத்தாரைத்தான். இன்னொன்று உடம்பு ஊடுருவித் தெரியும்படி இருக்கும். முதுகெலும்பையும் குடலைச் சுற்றிய வெள்ளிப் பையையும் எண்ணிவிடலாம். அது ஒரைசியாஸ், நெல்வயல் மீன். மூன்றாவது சாம்பல் நிறம். பெண்ணாக இருந்தால் வயிறு புடைத்து, பின்பக்கம் ஒரு கரும்படலம் தெரியும். கொசு ஒழிப்புக்காகக் கொண்டுவந்து விடப்பட்ட கம்பூசியா.

இந்த மூன்றில் எந்த இரண்டு நெருங்கிய உறவு என்று கேட்டால், மண்ணின் மீன்கள் இரண்டும் ஒரு பக்கம், வந்தது ஒரு பக்கம் என்றுதான் யாரும் சொல்வார்கள். உண்மை அப்படி இல்லை. வெள்ளிப் பொட்டு வைத்த நம் அப்லோகைலஸும் அமெரிக்காவிலிருந்து வந்த கம்பூசியாவும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. தலைமுறை தலைமுறையாக ஒரே வாய்க்காலில் அப்லோகைலஸோடு வாழ்ந்துவரும் நெல்வயல் மீன்தான் இரண்டுக்கும் தூரத்து ஆள். அதன் நெருங்கிய சொந்தம் வயலில் இல்லை, கடலில் இருக்கிறது. நாகப்பட்டினத்துக்கும் புதுச்சேரிக்கும் கிழக்கே அலைக்கு மேல் பறக்கும் கோலா மீனும், ஊசிமூக்கு முரலும்தான் அதன் பங்காளிகள்.

இதை நம்புவதற்குக் கடினமாக இருந்தால் வெட்கப்பட வேண்டியதில்லை. மீன்களையே படித்துப் பெயர் வைத்தவர்கள் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த முகச்சாயலை நம்பினார்கள். 1839-ல் ஜான் மெக்லெலண்ட் அப்லோகைலஸ் என்ற பேரினத்தை உருவாக்கியபோது, வெள்ளிப் பொட்டு மீனோடு இன்று நாம் ஒரைசியாஸ் என்று அழைக்கும் மீனையும் அதே பெயரின் கீழ் வைத்தார். 1846-ல் டெம்மின்க், ஷ்லேகல் இருவரும் ஜப்பானிய நெல்வயல் மீனான மெடாக்காவை விவரித்தபோது பொசீலியா என்ற பேரினத்தில் சேர்த்தார்கள். இன்று கப்பி மீன் இருக்கும் பேரினம் அது. ஒரைசியாஸ் என்று தனிப் பேரினம் 1906-ல் வந்துவிட்டது. ஆனாலும் 1921-ல் மெடாக்காவின் நிறம் பாலினத்தோடு சேர்ந்து தலைமுறைக்குக் கடத்தப்படுவதை ஆய்வாளர் ஐடா நிரூபித்த புகழ்பெற்ற ஆய்வுக்கட்டுரையின் தலைப்பிலேயே அந்த மீன் அப்லோகைலஸ் என்றுதான் இருக்கிறது. கப்பியின் பெயர் ஒரு முறை, பொட்டு மீனின் பெயர் ஒரு முறை. தன் பெயர் அதற்குக் கிடைத்த பிறகும் பழைய பெயர் விடவில்லை.

1981-ல் மீனியலாளர்கள் டான் ரோசனும் லின் பேரென்டியும் முகத்தை விட்டுவிட்டு உள்ளே பார்த்தார்கள். செவுளைத் தாங்கும் வளைவு எலும்புகள், தாடையைத் தொங்கவிடும் சிற்றெலும்புகள், வால்துடுப்பின் கதிர்கள் இவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். அப்லோகைலஸும் கம்பூசியாவும் மேல்தாடையை முன்னே நீட்டி இரையைக் கவ்வும். நெல்வயல் மீனின் மேல்தாடை நீளாது, நிலையாக நிற்கும். கோலாவுக்கும் முரலுக்கும் அப்படித்தான். பொட்டு மீனின் வால்துடுப்பு மேலும் கீழும் சமச்சீரானது. நெல்வயல் மீனின் வாலிலோ மேல்பாதியைவிடக் கீழ்ப்பாதியில் கதிர் கூடுதல். உருப்பெருக்கி இல்லாமல் தெரியாத அந்தச் சிறு வேறுபாடு கோலா மீனில் கண்ணெதிரே பெரிதாக நிற்கிறது. அதன் வாலின் கீழ்மடல் மேல்மடலைவிட நீண்டது. உடம்பு முழுக்கக் காற்றில் ஏறிவிட்ட பிறகும் அந்தக் கீழ்மடலை மட்டும் தண்ணீரில் படபடவென்று அடித்துத்தான் கோலா வேகம் எடுத்துப் பறக்கிறது. வாய்க்காலில் அரை அங்குலத்துக்கு மேல் துள்ள வேண்டிய தேவையே இல்லாத ஒரு மீனின் வாலில், கடலுக்கு மேல் பறக்கும் மீனின் கணக்கு எழுதியிருக்கிறது. பிறகு வந்த மரபணு ஆய்வுகளும் நெல்வயல் மீனைக் கோலாவின் பக்கத்திலேயே வைத்தன.

எனக்கு இந்தக் கண்டுபிடிப்பில் மனம் நிறைவது, ஏதோ ஒரு பிழை திருத்தப்பட்டது என்பதால் அல்ல. அந்த முகச்சாயல் பொய்யில்லை என்பதால். மெக்லெலண்ட் கண்ட ஒற்றுமை உண்மையாகவே அங்கே இருந்தது. அது எதைச் சொல்கிறது என்பதில்தான் எல்லோரும் வழி தவறினார்கள்.

அது தண்ணீரைப் பற்றிச் சொல்கிறது. வெயிலில் சூடேறிய, ஓட்டமில்லாத, பாசியும் செடியும் மண்டிய ஆழமற்ற தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. பகலில் செடிகள் விடும் ஆக்சிஜனை இரவில் செடிகளும் கிருமிகளும் சேர்ந்து இழுத்துக்கொள்ளும். விடியும் நேரத்தில் அடித்தண்ணீர் மூச்சுமுட்டும். அப்போதும் காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேற்பரப்பின் மெல்லிய ஏட்டில் மட்டும் ஆக்சிஜன் கரைந்துகொண்டே இருக்கும். அந்த ஏட்டிலிருந்து தண்ணீரை உறிஞ்சிச் செவுளுக்கு அனுப்ப வேண்டும் என்றால் வாய் மேல்நோக்கி இருக்க வேண்டும். முன்னோக்கிய வாய் கொண்ட மீன் அதற்காக உடம்பைச் செங்குத்தாகத் தூக்க வேண்டியிருக்கும். அப்படித் தூக்கினால் கொக்குக்கும் மீன்கொத்திக்கும் அடையாளம் காட்டினதுபோல ஆகும். தலை தட்டையாக இருந்தால் படுத்தபடியே பரப்போடு ஒட்டி நிற்கலாம். முதுகுத்துடுப்பு பின்னால் இருந்தால் பரப்பைக் கிழிக்காது. ஆபத்து வரும்போது வாலோடு சேர்ந்து ஒரே உதையில் பாய உதவும். கண் பெரிதாகவும் உயரத்திலும் இருந்தால் விழும் எறும்பும் தெரியும், இறங்கும் பறவையும் தெரியும். ஆக, இந்த இடத்தில் வாழ வந்த மீன் எந்தக் குலமானாலும் பல லட்சம் தலைமுறைகளில் இந்த முகத்துக்கே வந்து சேரும். அமெரிக்காவின் தென்மாநிலச் சதுப்புகளிலும் ஜப்பானின் வயல்களிலும் காவிரிக் கழிமுகத்திலும் தண்ணீர் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

கடைசிவரை நேர்மையாகச் சொல்வதானால், இந்த மீன்கள் ஒன்றுக்கொன்று முற்றிலும் அந்நியமும் அல்ல. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இவற்றுக்கும் கோலாவுக்கும் பொதுவான ஒரு மூதாதை இருந்தது. மேல்நீரில் வாழும் பழக்கம் அந்தப் பெருங்குலத்துக்கே கொஞ்சம் உரியது. உறவே இல்லாத சாயலைப் பார்க்க வேண்டுமானால் சென்னை கொளத்தூரின் அலங்கார மீன் கடைகளுக்குப் போக வேண்டும். தென் அமெரிக்கக் காட்டாறுகளின் நியான் டெட்ராவும், சீனாவின் குவாங்சோ அருகே வெண்முகில் மலை ஓடைகளில் கண்டெடுக்கப்பட்ட சின்னஞ்சிறு கெண்டையினமும் ஒளிரும் ஒரு பட்டையையும் சிவப்பையும் பூசிக்கொண்டவை. சீன மீனுக்கு 1932-லும் நியானுக்கு 1936-லும் பெயர் வைத்தார்கள். ஒன்று பிரான்யாவின் சொந்தம், மற்றது நம் கெண்டையின் சொந்தம். முதுகுத்துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே கதிரில்லாத ஒரு குட்டிச் சதைத்துடுப்பு இருந்தால் டெட்ரா, இல்லாவிட்டால் மற்றது. அந்தக் கதையில் யாருக்கும் கேடு இல்லை. கேடு விளைந்த கதை மேல்நீர் மீன்களுடையது.

1897-ல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட பிறகு, கொசுப்புழுவைத் தின்னும் உயிர் எது என்று உலகம் தேடத் தொடங்கியது. அந்தத் தேடலின் அவசரத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். தேடியவை மலேரியாவில் குழந்தைகளைப் பறிகொடுத்த ஊர்கள். 1905-ல் டெக்சாஸிலிருந்து ஹவாய்த் தீவுகளுக்குக் கம்பூசியாவைக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து பசிபிக்கைக் கடந்து கிழக்காசியா வந்தது. 1916-ல் ஜப்பானுக்கு வந்துசேர்ந்தது. இன்னொரு கிளை 1921-ல் ஸ்பெயினுக்குப் போய், அடுத்து இத்தாலியின் மலேரியாச் சதுப்புகளுக்குப் போய், 1928-ல் அங்கிருந்து இந்தியாவுக்கு வந்தது. எதையும் தாங்கும், எதையும் தின்னும், வேகமாகப் பெருகும் என்பதுதான் அதன் நற்சான்று. அதே மூன்று குணங்கள்தான் பின்னாளில் உலகின் மிக மோசமான நூறு அந்நிய ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் அதன் பெயரை ஏற்றின.

அதை விட்ட இடங்களில் பலவற்றில் கொசுப்புழு தின்னும் மேல்நீர் மீன் ஏற்கெனவே இருந்தது. ஜப்பானுக்குக் கம்பூசியா வந்த அதே 1916-ல்தான் மீனியலாளர் சுந்தரராஜ் சென்னை வட்டார நன்னீர் மீன்களைப் பற்றிய தம் குறிப்புகளில், விரல்கணு அளவேயான பார்வஸ் என்ற அப்லோகைலஸை விவரித்து வெளியிட்டார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து இத்தாலியிலிருந்து மீன் வருவித்தவர்களின் கையருகில் நம் குளத்திலேயே அந்த வேலையைச் செய்யும் மீன் இருந்தது, பெயரோடும் படத்தோடும். அதைப் பார்த்தவர்களுக்கும் 'இதுவும் அதுபோலத்தானே, அது இன்னும் வேகமாகப் பெருகுமே' என்று தோன்றியிருக்க வேண்டும். ஒரே முகம், ஒரே வேலை. ஆகவே ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்கலாம். இந்த எண்ணம் எவ்வளவு இயல்பானது என்பதுதான் என்னைக் கலங்கவைக்கிறது.

ஜப்பானில் அது என்ன செய்தது என்று பார்க்கலாம். மெடாக்கா அங்கே நெல்லோடு வாழ்ந்த மீன். வசந்தத்தில் வயலுக்குத் தண்ணீர் கட்டும்போது வாய்க்காலிலிருந்து வயலுக்குள் ஏறும். முட்டையிட்டுக் குஞ்சு பெருகி, தண்ணீர் வடியும்போது வாய்க்காலுக்கு இறங்கும். பள்ளிப்பிள்ளைகள் புட்டியில் வளர்ப்பார்கள். 1951-லிருந்து அவர்கள் பாடும் பாட்டு ஒன்றே அதைப் பற்றி இருக்கிறது. 1994-ல் கொலம்பியா விண்ணோடத்தில் நான்கு மெடாக்காக்கள் விண்வெளிக்குப் போய், எடையற்ற நிலையில் கூடி முட்டையிட்டு, அந்த முட்டைகள் அங்கேயே பொரிந்தன. முதுகெலும்புள்ள உயிர்களில் அது முதல் முறை. ஐந்தே ஆண்டுகளில், 1999-ல், ஜப்பானியச் சுற்றுச்சூழல் அமைப்பின் சிவப்புப் பட்டியலில் அதே மெடாக்கா அழியும் ஆபத்திலுள்ள மீனாக இடம்பெற்றது. வாய்க்கால்கள் சிமென்ட் ஆகி வயலுக்கும் வாய்க்காலுக்கும் இடையே படிபோல் உயரம் விழுந்தது, பூச்சிமருந்து, நகரம் பெருகியது எல்லாம் காரணம். வெப்பமான தெற்குப் பகுதிகளில் இவற்றோடு கம்பூசியாவும் சேர்ந்தது.

ஒரே உயரத்தில் நிற்கும், ஒரே இரையைத் தேடும் இரண்டு மீன்களில் ஒன்று மற்றதன் துடுப்பைக் கடித்துக் குதறும், முட்டையையும் குஞ்சையும் தின்னும் என்றால் முடிவு தெரிந்ததே. கேடு இன்னொரு வழியிலும் வந்தது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு மெடாக்கா இல்லாமல் போனதே தெரியவில்லை. வாய்க்காலில் சின்ன மீன்கள் கூட்டமாக நின்றுகொண்டுதானே இருந்தன. ஒரு மீன் அழிந்து அந்த இடம் வெறுமையானால் யாராவது கேட்பார்கள். அதே முகத்தோடு இன்னொன்று அங்கே நின்றால் யார் கேட்பது? 2006-லிருந்து ஜப்பானியச் சட்டம் கம்பூசியாவை வளர்க்கவும் உயிரோடு எடுத்துச்செல்லவும் வெளியில் விடவும் தடை செய்திருக்கிறது. அதனால் வலையோடு ஓடைக்குப் போகும் பிள்ளைகளுக்கு அங்கே முதலில் சொல்லித்தருவது, முகத்தைப் பார்க்காதே, வயிற்றுக்குக் கீழே பார் என்பதுதான்.

வயிற்றுக்குக் கீழே இருப்பது குதத்துடுப்பு. மெடாக்காவுக்கு அது அடிப்பாகம் நீண்டது, வயிற்றின் பின்பாதியிலிருந்து வாலின் அருகுவரை ஓடும். கம்பூசியாவுக்குக் குட்டையானது. ஆண் கம்பூசியாவில் அந்தத் துடுப்பின் மூன்று, நான்கு, ஐந்தாம் கதிர்கள் ஊசிபோல நீண்டு புணர்ச்சி உறுப்பாகவே மாறியிருக்கும். ஏனென்றால் கம்பூசியா முட்டையிடுவதில்லை. உள்ளே கருவுற்று, மூன்று நான்கு வாரம் சுமந்து, நீந்தத் தெரிந்த குஞ்சுகளைப் பெறுகிறது. ஆணின் விந்தை உடம்புக்குள் மாதக்கணக்கில் சேமித்துவைக்கவும் பெண்ணால் முடியும். ஒரு குளத்தை நிரப்ப ஒற்றைச் சினை மீன் போதும்.

மெடாக்காவின் வழி வேறு. விடிந்த சற்று நேரத்தில் ஆணும் பெண்ணும் பக்கம்பக்கமாகச் சேர்கின்றன. ஆண் தன் நீண்ட குதத்துடுப்பாலும் முதுகுத்துடுப்பாலும் பெண்ணை அணைத்து நடுங்குகிறது. வெளிவந்த முட்டைகள் உடனே உதிர்ந்து விழுவதில்லை. ஒவ்வொரு முட்டையின் ஓட்டிலிருந்தும் மெல்லிய நூல்கள் நீண்டு ஒன்றோடொன்று சிக்கி, பத்து முப்பது முட்டைகள் ஒரு கொத்தாகத் தாயின் வயிற்றிலேயே தொங்குகின்றன. அந்தக் கொத்தைச் சுமந்துகொண்டே அவள் மேய்கிறாள். பிறகு ஏதாவது ஒரு செடியில் உரசி உரசி, அந்த நூல்களாலேயே முட்டைகளைத் தழையில் கட்டிவிட்டுப் போகிறாள். ஓடு கண்ணாடி. சில நாட்களில் உள்ளே இரண்டு கரும்புள்ளிகளாகக் கண் தெரியும். இன்னும் கூர்ந்து பார்த்தால் இதயம் துடிப்பதும் ரத்தம் ஓடுவதும் தெரியும். ஒரு முதுகெலும்புள்ள உயிர் உருவாவதை வெறும் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து பார்க்க முடிகிற இடம் உலகில் அதிகம் இல்லை.

இந்த முட்டை நூலை நம் கடற்கரைக்காரர்கள் தலைமுறைகளாக அறிவார்கள். கோலா மீன் பருவத்தில் இலைதழைகளைக் கட்டி ஆழ்கடலில் மிதக்கவிடுவது சோழமண்டலக் கரையின் பழைய தொழில்முறை. கோலா அந்தத் தழையைத் தேடி வந்து, அதற்குள் உடம்பை நுழைத்து முட்டையிடும். அதன் முட்டைகளிலும் நூல் உண்டு. நூலால் முட்டைகள் தழையோடு பின்னிக்கொள்ளும். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1923-ல் இந்தத் தொழிலையும் கோலாவின் முட்டையிடலையும் விரிவாக எழுதிவைத்திருக்கிறார். கரையே கண்ணுக்குத் தெரியாத நீலத்தில் கோலா தேடுவதும், வயல் வாய்க்காலில் நெல்வயல் மீன் தேடுவதும் ஒன்றுதான்: நூலைக் கட்ட ஒரு தழை.

நூல்முட்டை கோலாவுக்கும் நெல்வயல் மீனுக்கும் மட்டும் உரிய அடையாளம் அல்ல. நம் பொட்டு மீன் அப்லோகைலஸும் ஒட்டும் நூலோடுதான் முட்டையைச் செடியில் வைக்கிறது. அந்தப் பெருங்குலத்தின் பழைய சொத்து அது. கோலாவை நெல்வயல் மீனோடு சேர்ப்பது தாடையும் செவுளெலும்பும் வால்கதிரும்தான். ஆனால் நூலைப் பார்க்கும்போதுதான் கம்பூசியா எங்கே விலகிப்போனது என்பது விளங்குகிறது. உறவில் அது பொட்டு மீனுக்கு நெருக்கம், முகத்தில் எல்லோருக்கும் நெருக்கம், ஆனால் உயிரைத் தரும் முறையில் அது தனி. நூலை விட்டுவிட்டது. தழையை நம்பி முட்டையைக் கட்டுகிற ஒரு மீனுக்குத் தழை வேண்டும், விடியல் வேண்டும், வயலுக்குள் ஏறி இறங்க வழி வேண்டும், சில நாட்கள் அந்த முட்டையை யாரும் தின்னாமல் இருக்க வேண்டும். இவை எதுவும் கம்பூசியாவுக்குத் தேவையில்லை. சிமென்ட் தொட்டியும் சாக்கடையும் அதற்குப் போதும்.

இங்கே வந்த பிறகுதான் அந்த முகச்சாயலுக்குப் பொருள் தெளிகிறது. ஓர் உயிரின் தோற்றம், அது வாழும் இடம் கேட்ட ஒரே ஒரு கேள்விக்கான பதில். ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில் எப்படி மூச்சுவிடுவாய் என்று கேட்கப்பட்டது. மூன்றும் ஒரே பதிலைச் சொல்லின. நாம் அந்தப் பதிலைப் பார்த்தோம், பதில் சொன்னவர்களும் ஒருவரே என்று எடுத்துக்கொண்டோம். உறவும் அதேபோலத்தான். அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லும். பறக்கும் மீனின் வால்கணக்கு வாய்க்கால் மீனில் இருப்பதுபோல, இன்று பயன்படாததையும் சேர்த்துச் சொல்லும். ஆனால் உறவை மட்டும் வைத்துப் பார்த்திருந்தாலும் தவறியிருப்போம். பொட்டு மீனின் சொந்தம்தானே என்று கம்பூசியாவைக் குளத்தில் விட்டிருப்போம். முகமும் சொல்லாத, குலமும் சொல்லாத ஒன்று, அந்த உயிர் தன் நாட்களை எப்படிக் கழிக்கிறது, எதை நம்பித் தன் குஞ்சுகளை உலகில் விடுகிறது என்பது. அது அளவில் தெரியாது, படத்தில் தெரியாது, கண்ணாடிக் குடுவையில் மிதக்கும் பதனிட்ட மீனில் தெரியாது. உயிரோடு இருக்கும்போது, அதன் இடத்தில், போதிய நேரம் பார்த்தால்தான் தெரியும். மாற்று என்ற எண்ணமே அப்படிப் பார்க்காதபோது பிறப்பது. ஒரு வேலையின் பெயரைச் சொல்லி அந்த வேலையைச் செய்யும் உயிரை அளக்கும்போது, அந்த வேலைக்கு வெளியே அது வாழ்ந்துகொண்டிருக்கும் முழு வாழ்க்கையும் நம் கணக்கில் பூஜ்யமாகிவிடுகிறது. கொசுப்புழு தின்பது நெல்வயல் மீனின் வாழ்க்கையில் ஒரு வேளைச் சாப்பாடு. நமக்கு அது மட்டும்தான் தெரிந்தது.

இதை ஏற்றுக்கொண்டவர்களே மறுபடி இடறிய இடமும் ஜப்பானில் இருக்கிறது. மெடாக்கா அருகிவிட்டது என்ற செய்தி பரவியதும் நல்ல மனம் படைத்தவர்கள் கடைகளிலிருந்து ஆரஞ்சு நிற வளர்ப்பு மெடாக்காக்களை வாங்கிக்கொண்டுபோய் ஓடைகளில் விட்டார்கள். வேறு வட்டாரத்து மெடாக்காவைக் கொண்டுவந்தும் விட்டார்கள். இந்த முறை முகம் மட்டுமல்ல, பெயரும் ஒன்று, குலமும் ஒன்று. ஆனால் ஒவ்வொரு ஆற்றுப்படுகையின் மெடாக்காவும் நெடுங்காலமாகத் தனித்தனியே வாழ்ந்து, தன் தன் குளிருக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப மரபில் வேறுபட்டிருந்தது. ஜப்பான் கடலோரத்து வடக்கு மெடாக்கா 2010களில் தனி இனமாகவே பிரிக்கப்பட்டது. காப்பாற்ற விட்ட மீன்கள், காப்பாற்ற வேண்டிய மீன்களின் மரபைக் கலைத்தன. கம்பூசியாவின் கதையும் இப்படித்தான்: அஃபினிஸ், ஹோல்புரூக்கி என இன்று இரண்டு இனங்களாக அறியப்படுபவை 1988 வரை ஒன்றின் இரு பிரிவுகளாகவே எண்ணப்பட்டன. உலகம் முழுக்க அள்ளி அள்ளி விட்ட மீன் எது என்பதே விட்ட காலத்தில் விட்டவர்களுக்குத் தெரியாது.

நம் ஊர்களில் இன்றும் டெங்குக் காய்ச்சல் பரவும்போதெல்லாம் சுகாதாரப் பணியாளர்கள் வாளிவாளியாகக் கம்பூசியாவும் கப்பியும் கொண்டுவந்து விடுகிறார்கள். மூடிய கிணற்றிலும், ஆற்றோடும் வாய்க்காலோடும் தொடர்பில்லாத தண்ணீர்த் தொட்டியிலும் விடுவதில் எனக்கு மறுப்பு இல்லை. அங்கே இடம்பெயர்க்கப்பட யாரும் இல்லை. காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் முன் வாதம் செய்யவும் கூடாது. ஏரியிலும் குளத்திலும் வாய்க்காலிலும் விடுவது வேறு காரியம். அங்கே விடுவதற்கு முன் ஒரு காலைநேரம் கொசுவலைத் துணியை விரித்து, கண்ணாடி டம்ளரில் அள்ளி, உச்சந்தலையில் பொட்டு இருக்கிறதா, உடம்பு ஊடுருவித் தெரிகிறதா, வயிற்றுக்குக் கீழே துடுப்பு நீண்டதா குட்டையா என்று பார்க்க அதே பணியாளருக்கே கற்றுத்தரலாம். அரைநாள் பயிற்சிக்கு மேல் தேவைப்படாது. பொட்டு மீனோ நெல்வயல் மீனோ அங்கே இருந்தால் வாளியைத் திருப்பிக்கொண்டுபோய், அந்தக் கரையில் தழை வளரவும் வயலோடு வாய்க்கால் சேரவும் விட்டால், கொசுப்புழுவை அவை தின்றுகொள்ளும்.